என்.எச்.எஸ்.: முதலில் ஜி.பி.யிடம் பதியுங்கள்

கேள்வி: மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். விசாவோடு என்.எச்.எஸ்.ஸுக்கான (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) சுகாதாரக் கட்டணமும் கட்டியாயிற்று. ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) தனியாகப் பதிய வேண்டுமா? முகவரிச் சான்று கேட்கிறார்கள்; வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இல்லை.

பதில்: கட்டாயம் பதியுங்கள், இந்த வாரமே. மாணவர் என்ற முறையில் ஆண்டுக்கு 776 பவுண்டு கட்டினீர்களே, அது சிகிச்சைக்கான உரிமையை மட்டுமே தரும். எந்த டாக்டரின் பட்டியலிலும் தானாகச் சேர்க்காது. அவசரம் தவிர, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் பெரும்பாலும் ஜி.பி.யின் கடிதம் வேண்டும். உடம்புக்கு முடியாமல் போன பிறகு ஓடினால், பதிவு முடியவே சில நாள் பிடிக்கலாம்.

பதிவுக்குக் காசில்லை. ஆன்லைனிலோ, 'ஜி.எம்.எஸ்.1' படிவத்திலோ விவரம் கொடுத்தால் போதும். முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். விதி. ரிசப்ஷனில் இருப்பவருக்கே இது தெரியாமல் இருப்பதுண்டு. பொறுமையாக, விடாமல் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கிளினிக்கின் எல்லைக்கு வெளியே நீங்கள் குடியிருந்தால் மறுப்பது நியாயம். அப்போது அடுத்த கிளினிக்கைப் பாருங்கள்.

வழக்கமாக மாத்திரை சாப்பிடுபவரானால் படிவத்தில் பிராண்டு பெயரை எழுதாதீர்கள். மருந்தின் மூலப்பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும்தான் அங்கே உதவும்.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கொடுத்து வருகிறேன். வழி உண்டா?

பதில்: நீங்கள் கொடுக்கவே வேண்டியதில்லை! கிளினிக்கில் 'எஃப்.பி.92ஏ' படிவம் கேட்டு, டாக்டரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். விலக்குச் சான்றிதழ் வழக்கமாக 5 ஆண்டு செல்லும். சர்க்கரைக்கு மட்டுமல்ல, எழுதித்தரும் எல்லா மருந்துக்கும் பொருந்தும். சான்றிதழ் வருமுன் மருந்துச் சீட்டில் 'விலக்கு உண்டு' என்று டிக் செய்துவிடாதீர்கள். 100 பவுண்டு வரை அபராதம் வரும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டுமே சர்க்கரையைச் சமாளிப்பவருக்கு இந்த விலக்கு இல்லை. அவர்கள் ஆண்டுக்கு 11 மருந்துக்கு மேல் வாங்கினால், ஓராண்டுக்கு மொத்தமாக முன்பே கட்டும் 114.50 பவுண்டு முன்பணச் சான்றிதழே லாபம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணமே கிடையாது.

கேள்வி: விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு?

பதில்: ஜி.பி. ஆலோசனையும் அவசரப் பிரிவில் பார்ப்பதும் அவர்களுக்கும் இலவசம். வார்டில் சேர்த்துவிட்டால், இங்கிலாந்தில் வழக்கமான செலவில் 150 சதவீதம் பில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவே மறுக்கப்படலாம்.