வேலை, டிராஃபிக் என்று ஓடுகிற சென்னைக்காரர்களுக்கு முழு வேதாகமத்தையும் கற்றுக்கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் ஒரு வருடத்தில் முடியாது. அச்சடித்திருக்கிற வரிசையில் போனாலும் முடியாது.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறேன். நான் போதகர் இல்லை. சபையில் வேறு யாரும் அகப்படாததால் என் தலையில் விழுந்த வேலை இது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஓஎம்ஆர் கம்பெனிகளிலிருந்து லேப்டாப் பையோடு நேராக வந்து உட்காருவார்கள். இரண்டு பேராவது தூங்கிவிடுவார்கள். எழுப்புவதில்லை.

முதல் வருடம் எல்லாருக்கும் ஒரு வாசிப்பு அட்டவணை கொடுத்தேன். 1189 அதிகாரம், 365 நாள், ஒரு நாளைக்கு மூன்றே கால். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பொங்கல் லீவில் ஆதியாகமம் முடிந்தது, குழுவில் ஒரே உற்சாகம். ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்தது. பலிகளின் கொழுப்பு, குஷ்டரோகத் தடிப்பு, எது தீட்டு எது தீட்டில்லை... வாட்ஸ்அப்பில் தினமும் டிக் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பிப்ரவரி நடுவில் நானும் ஒரு பாட்டியும்தான் மிச்சம். அந்தப் பாட்டி என் அட்டவணை இல்லாமலேயே பல தடவை வாசித்து முடித்தவர்.

அடுத்த வருடம் கதை ஓடுகிற புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆதியாகமம், யாத்திராகமம், எண்ணாகமம், யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல் இரண்டு, இராஜாக்கள் இரண்டு, எஸ்றா, நெகேமியா, அப்புறம் லூக்கா, அப்போஸ்தலர். மொத்தம் 348 அதிகாரம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவற்றை அவை சேர வேண்டிய இடத்தில் சேர்த்தேன். எசேக்கியா ராஜா வரும்போது ஏசாயா, எஸ்றா ஐந்தாம் அதிகாரத்தில் ஆகாயும் சகரியாவும், பவுல் பிலிப்பிக்குப் போகும்போது பிலிப்பியர். லேவியராகமத்தைக்கூட இப்படித்தான் பிடித்தேன். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரை எளியவனுக்கு விட்டுவிடு என்று 19ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. அதை ரூத் என்கிற ஏழை விதவையின் கதையோடு சேர்த்து வாசித்தோம். போவாஸின் வயலில் அவள் ஏன் கதிர் பொறுக்கினாள் என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை. வாசிப்பதெல்லாம் வகுப்பில்தான், சத்தமாக, ஆளுக்குக் கொஞ்சம். விட்டுப்போனவர்கள் ரயிலில் ஆடியோ கேட்டுக்கொள்வார்கள். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போய்த் திரும்பினால் மாற்கு சுவிசேஷம் ஏறக்குறைய முழுதும் கேட்டுவிடலாம்.

இன்னொரு தொல்லை மொழி. நாங்கள் வாசிப்பது பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த ஒரு தம்பி, "பாபிலோன் சிறையிருப்பு" என்றால் ஊர் மொத்தமும் ஜெயிலில் கிடந்தது என்றே நினைத்திருந்தான். எரேமியா 29, அதாவது பாபிலோனில் இருந்த ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம், அதை வாசித்த அன்றைக்குத்தான் இது தெரிந்தது. "அங்கிள், ஜெயில்ல இருக்கிறவங்களைப் போய் வீடு கட்டு, தோட்டம் போடுன்னா எப்படிக் கட்டுவாங்க?" என்றான். நியாயமான கேள்வி. ஜெயில் இல்லை, சொந்த ஊரை விட்டு நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டுபோய்ப் பெரிய பட்டணத்தில் குடிவைத்த ஜனங்கள் என்றேன். அப்புறம் அந்தக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தோம்.

அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். புதுவருட ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக வரும், எதிர்பார்த்திருக்கிற முடிவைக் கொடுப்பேன் என்பது. வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி அதை பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறாள், சொந்த வீட்டுக்காக. அன்றைக்கு 10ஆம் வசனம் வாசிக்கிற முறை அவளுக்கு வந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "எழுபது வருஷமா அங்கிள்?"

ஆமாம், எழுபது. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறது அந்த வசனம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறான். எரேமியாவோ வீடு கட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு, அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபம் பண்ணு என்று எழுதுகிறான். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. மதுரை, நாகர்கோவில், திருநெல்வேலி என்று எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே. ஒன்பதரைக்கு முடிக்க வேண்டிய வகுப்பு பத்தரை ஆனது, கீழ்வீட்டுக்காரர் பைக்குகளை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். அட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. பக்கத்தில் 10ஆம் வசனத்தையும் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாளாம்.

மூன்றாவது வருடம் ஓடுகிறது. பதினாலு பேரில் ஒன்பது பேர் மிச்சம். நாளாகமத்தின் வம்ச அட்டவணைகளுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. வருகிற புதன் எசேக்கியேல் 40, ஆலயத்தின் அளவுகள். ஆளுக்கு ஒரு ஸ்கேலும் கிராஃப் தாளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.