தென்னையில் வெண்திட்டும் தூரில் காளானும்: எதைக் கவனிப்பது?

கேள்வி: எங்கள் தோப்பில் பல தென்னைகளின் தண்டில் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள் படர்ந்துள்ளன. ஒரு மரத்தின் தூரில் பலகை போன்ற காளான் முளைத்திருக்கிறது. இரண்டும் பூஞ்சைதான் என்கிறார்கள். சுரண்டிவிட்டு மருந்து அடிக்கலாமா?

பதில்: திட்டுகளைத் தொட வேண்டாம், காளான் முளைத்த மரத்தைத்தான் உடனே கவனிக்க வேண்டும். இரண்டும் பூஞ்சை என்பது சரியே, ஆனால் அவை பிழைக்கும் வழி வேறு.

தண்டில் இருப்பது லைக்கன். செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கனே. பெயரில் பாசி இருந்தாலும் அதன் உடலில் பெரும்பகுதி பூஞ்சை. அதன் இழைகளுக்கு நடுவே குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு தயாரிக்கும் சர்க்கரைதான் இரண்டுக்கும் உணவு. காய்ந்த திட்டு ஒன்றின் மீது தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்: மேல்தோல் நனைந்து ஒளி ஊடுருவ, சாம்பல் நிறம் மங்கி, உள்ளிருக்கும் பாசியின் பச்சை தெரியவரும். மரம் அதற்கு ஒட்டிக்கொள்ளும் இடம் மட்டுமே. அதைச் சுரண்டப்போய்த் தண்டில் காயம் பட்டால், தென்னையில் அது ஆறாது. சிவப்புக் கூன்வண்டு முட்டையிட அந்தக் காயமே வழியாகிவிடும்.

தூரில் உள்ளது, மேற்புறம் மெருகிட்டது போன்ற செம்பழுப்பாகவும், அடிப்புறம் ஊசித்துளைகளுடன் வெளிறியும் இருந்தால், பெரும்பாலும் கானோடெர்மா. இதற்குப் பாசித் துணை கிடையாது; வேரையும் தூரையும் அழுகச் செய்து மரத்தையே தின்கிறது. தஞ்சைப் பகுதியில் 1952இல் கண்டறியப்பட்ட இந்நோயைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் காளான் பூஞ்சையின் வித்துறுப்பு மட்டுமே. அதைப் பிய்த்தாலும் உள்ளே பரவிய இழைகள் அப்படியே இருக்கும். காளான் தென்படும் நிலையில் மரத்தைக் காப்பது மிகக் கடினம் என்பதால், மனம் வராவிட்டாலும், அதை வெட்டி, தூரையும் வேர்களையும் தோண்டியெடுத்து எரித்துவிடுவதே நல்லது.

சுற்றியுள்ள மரங்களின் தூரில் செம்பழுப்புச் சாறு வடிகிறதா, அடிமட்டைகள் மஞ்சளித்துத் தொங்குகின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். மரத்துக்கு மரம் தண்ணீர் பாய்வதை நிறுத்தித் தனித்தனி வட்டப்பாத்தியில் பாய்ச்சுங்கள். அறிகுறி தெரியும் மரத்துக்கு 1 சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) 40 லிட்டர் அளவில் தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றி, ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இட வேண்டும்.