கேளுங்கள், சொல்கிறோம்: மஞ்சள் சட்டைக்காரருக்கு என்ன ஆச்சு?

கேள்வி: ஐபிஎல் வந்துவிட்டால் என் வீட்டுக்காரர் மஞ்சள் சட்டையைக் கழற்றுவதே இல்லை. சென்னை தோற்றால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடும் கிடையாது. அந்த டீமில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது, இவர் யாரென்றும் தெரியாது. இதென்ன பைத்தியம்?
- வாசகி, திருச்சி

பதில்: பைத்தியமெல்லாம் இல்லைம்மா. 'நான் யார்' என்று கேட்டால் பெயருக்கு அடுத்து நாம் சொல்வது ஊர், வேலை, படித்த காலேஜ், யாருடைய ரசிகர் என்பதெல்லாம்தானே? அதில் முக்கால்வாசி நாம் சேர்ந்திருக்கும் ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து வந்ததுதான். அந்தக் கூட்டம் அடி வாங்கினால் நமக்கும் வலிக்கத்தான் செய்யும்.

இப்படி ஒட்டிக்கொள்ள எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்று சோதித்துப் பார்த்தவர் உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது ஜெர்மானியரிடம் சிக்கினார்; யூதர் என்பதை மறைக்காமல், போலந்துக்காரர் என்பதை மட்டும் மறைத்து, பிரெஞ்சுக்காரர் என்று சொல்லியே உயிர் பிழைத்தார். திரும்பி வந்து பார்த்தால் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. 1970-ல் அவர் வெளியிட்ட சோதனை, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்தது. திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்டுவிட்டு, 'நீ கூட்டிச் சொல்கிற ஆள், நீ குறைத்துச் சொல்கிற ஆள்' என்று இரண்டு அணியாகப் பிரித்தார்கள். உண்மையில் அது சும்மா குலுக்கல்தான். அப்புறம் மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னால், யார் முகமும் தெரியாமலே தன் அணிக்காரனுக்குச் சாதகமாகக் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஓவிய ரசனையைச் சொல்லி அணி பிரித்த அடுத்த சோதனையில், தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர் அணியைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்ற பக்கமே அவர்கள் கை சாய்ந்தது. தனக்கென்று ஒரு பைசா லாபம் இல்லாத விஷயத்தில்!

உங்கள் வீட்டுக்காரர் இதில் கொஞ்சம் உசத்தி. அமெரிக்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், காலேஜ் டீம் ஜெயித்தால்தான் திங்கட்கிழமை மாணவர்கள் அந்தப் பெயர் போட்ட உடுப்பை அதிகமாக மாட்டிக்கொண்டு வந்தார்கள். இவரோ தோற்ற அன்றும் கழற்றுவதில்லை என்கிறீர்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் டீமே தடையில் இருந்தது. 2018-ல் திரும்பி வந்ததும் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேக்குப் போக, தனி ரயிலில் கிளம்பிப் போன ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த வகை போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பக்கத்து வீட்டு மும்பை ரசிகரோடு மறுநாள் காலையில் சாதாரணமாகப் பேசுகிறாரா? பேசினால் விட்டுவிடுங்கள். பேசவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அது வேறு வியாதி.