குழந்தைகள் ஆடுகிறார்கள், ஆனால் சொற்கள் பதியவில்லையே?

கேள்வி: யு.கே.ஜி. ஆசிரியை நான். தினமும் பாட்டுப் போட்டுக் குழந்தைகளை ஆடவைக்கிறேன். உற்சாகமாக ஆடுகிறார்கள். ஆனால் புதிய சொற்கள் பதியவில்லை. குறில், நெடில் குழப்பமும் தீரவில்லை. வகுப்பறையும் சிறியது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். பாட்டு ஓடும்போது பிள்ளைகள் சொற்களைக் கவனிப்பதில்லை. உங்கள் கையைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். சொல் புரியாமலேயே ஆடிவிட முடிகிறது, சிக்கலே அதுதான். சொல்லைக் கேட்டால்தான் அசைய முடியும் என்ற நிலை வர வேண்டும்.

வினைச்சொற்களில் தொடங்குங்கள்: குனி, நிமிர், தட்டு, பதுங்கு, சுற்று. ஓரிரு நாள் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு சொல்லை மட்டும் சொல்லுங்கள். யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்து ‘மெதுவாகக் குனி’, ‘மேசைக்குப் பின்னால் பதுங்கு’ என்று நீட்டலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்த முறை இது. பேசச் சொல்லி வற்புறுத்தாமல், கேட்டுச் செய்ய விடுவதே இதன் உயிர். பேச்சு வரத் தொடங்கியதும் கட்டளையிடும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுங்கள். டீச்சரை ஆட்டிவைக்கும் வாய்ப்பை எந்தக் குழந்தை விடும்!

குறில், நெடிலுக்கு நம் இலக்கணமே வழி சொல்கிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று உடலை வைத்தே மாத்திரையை, அதாவது எழுத்தை ஒலிக்கும் கால அளவை, அளக்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. ‘கல்’ என்றால் மேசையில் ஒரு தட்டு. ‘கால்’ என்றால் தட்டிய கையை அப்படியே பக்கவாட்டில் இழுத்துச் செல்ல வேண்டும்; ‘ல்’ வந்ததும் கை நிற்க வேண்டும். படம்–பாடம், மலை–மாலை, எடு–ஏடு என்று இணை இணையாகச் செய்யுங்கள். பல பிள்ளைகள் கையை நீட்டுவார்கள், ஒலியை நீட்ட மாட்டார்கள். அப்போது குழந்தையின் கையை மெல்லப் பிடித்து, அதன் குரல் கேட்கும்வரை மட்டும் நகர்த்துங்கள். குரல் நின்றால் கையும் நிற்கட்டும். இதையெல்லாம் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் இட நெருக்கடி ஒரு தடையே அல்ல.

காற்றில் எழுத்து எழுதிக் காட்டும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே நின்றால் இடம் வலமாகத் தெரியும். மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ‘ட’. அங்கிருந்து கை மேலே ஏறினால் ‘ப’. விரலால் அல்ல, தோளிலிருந்து முழுக் கையால் எழுதட்டும்.

கூச்சப்படும் குழந்தையை நடுவில் இழுத்து நிறுத்தாதீர்கள். தாளம் தட்டும் வேலையைக் கொடுங்கள். ஒரு வேளைக்குப் 10 நிமிடம் போதும்.

இன்னொன்றையும் அவசியம் கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் செய்து, பின்னாலிருந்து சொன்னால் அசையாமல் நிற்கும் பிள்ளையை அடம் என்று கண்டிக்க வேண்டாம். சளியால் காதுக்குள் நீர் கோத்து, கேட்கும் திறன் குறைவது இந்த வயதில் அடிக்கடி நடப்பது. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள்.