முடி யானையைப் பார்த்தவரின் பேரன் எழுதுகிறேன்

"யாரும் கண்டுகொள்ளாத பழைய அறிவியல் புனைவு, திகில் படங்களை உண்மையாகவே ரசிப்பவர்கள் இருக்கிறீர்களா? அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறோம். கேள்வியில் 'உண்மையாகவே' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள், அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. உங்கள் வீட்டிலும் யாரோ சிரித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆசையாக ஒரு படத்தைப் போட்டிருப்பீர்கள். பூதம் வந்தவுடன் ரப்பர் தெரிகிறது, கயிறு தெரிகிறது என்று ஒருவர் ஆரம்பித்திருப்பார். பத்து நிமிடத்தில் எல்லோரும் சிரித்திருப்பார்கள். கூடவே நீங்களும் சிரித்துவிட்டு, மனத்துக்குள் எதையோ விட்டுக்கொடுத்தது போல் படுக்கப் போயிருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். எனக்கு நடந்தது அதுதான். என்னைவிட அதிகமாக, என் அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு நடந்தது.

நான் சினிமா படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்கும் டெய்லர். உலகத் திரைப்படங்களைக் கரைத்துக் குடித்தவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் என்னைத் திருத்தினால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கீழே சொல்லப்போகும் கிணற்று விஷயத்தில் என்னை யாரும் திருத்த வேண்டாம். நான் அங்கே நின்றிருந்தேன்.

அப்புச்சிக்குச் சங்ககிரிப் பக்கம் ஒரு சிறிய ஊர். 1952இல் அவருக்குப் பதினான்கு வயது. தகப்பனாருடன் நிலக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியில் சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போனவர், கணக்கு முடியத் தாமதமானதால் இரவு தங்க வேண்டி வந்து, ஒரு சினிமா பார்த்தார். அவர் வாழ்நாளில் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்த முதல் படம். படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. அதில் உடம்பெல்லாம் முடி தொங்கும் யானைகள் வந்தன, வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டில் நடந்தார்கள், எல்லோரும் தமிழ் பேசினார்கள் என்று மட்டும் சொல்வார். அந்தக் கதையை அவர் சொல்லாத கோடை விடுமுறை எங்களுக்கு இல்லை. "பொய்யில்லை கண்ணு, இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்" என்பார்.

யாரும் நம்பவில்லை. சேலத்தில் எடுத்த தமிழ்ப் படத்தில் வெள்ளைக்காரன் எங்கிருந்து வந்தான்? யானைக்கு முடி எங்கிருந்து வந்தது? மாமன்மார்களும் பங்காளிகளும் அவருக்கு 'முடி யானை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு பஞ்சாயத்து. ஊர்க் கிணற்றில் எங்கள் பாகம் எவ்வளவு என்பதில் தகராறு. மூன்றில் ஒரு பங்கு என்று பெரியவர்கள் காலத்தில் வாய்ப்பேச்சாக முடிந்திருந்தது, பத்திரம் கிடையாது. மாரியம்மன் கோயில் திண்ணையில் வைத்து அப்புச்சி அதைச் சொன்னார். அவருடைய பங்காளி ஒருவர் எழுந்து, "முடி யானையைப் பார்த்தவர் சொல்கிறார், எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. தீர்ப்புச் சொல்ல வந்த பெரியவரும் சிரித்தார். அன்றைக்கு எங்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்று முடிவானது. மோட்டார் ஓட்டும் முறை குறைந்தது, கீழ்க்காட்டில் மஞ்சள் போடுவதை அப்புச்சி நிறுத்தினார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்திருந்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

2014இல் ஒரு பத்திரிகையில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் பற்றிய கட்டுரையில் ஒன்றரை வரி படித்தேன். அதன் அதிபர் டி.ஆர். சுந்தரம் 1952இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து 'காடு' என்ற படத்தை எடுத்தார், அதன் ஆங்கில வடிவம் 'தி ஜங்கிள்', அதில் மாமூத் என்னும் பண்டைக்கால யானைகள் வந்தன என்று இருந்தது. தேநீர்க் கடையில் நின்றபடி அதை மூன்று முறை படித்தேன். அன்றிரவே இணையத்தில் தேடி ஆங்கிலப் படத்தைப் பிடித்துவிட்டேன். வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் நடித்தது. நான் பார்த்த பிரதி முழுக்கச் செம்மண் நிறத்தில் இருந்தது, நம் காட்டுப் புழுதியைக் கரைத்து ஊற்றியதைப் போல.

கதையைக் கேளுங்கள். யானைகள் மிரண்டு ஊருக்குள் புகுந்து அழிக்கின்றன. காரணம் தேடி இளவரசி ஒருத்தி காட்டுக்குள் போகிறாள். அவளோடு வரும் வேட்டைக்காரன், "உள்ளே மாமூத்துகள் இருக்கின்றன, என்னோடு வந்தவர்களை அவைதான் கொன்றன, நான் பார்த்தேன்" என்கிறான். யாரும் நம்பவில்லை. கோழை, பழியை மறைக்கக் கதை கட்டுகிறான் என்று சந்தேகப்படுகிறார்கள். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். முடி யானையைப் பார்த்தேன் என்று சொல்லி ஒருவன் அவமானப்படுகிற கதையைப் பார்த்துவிட்டு வந்து, அதையே சொல்லி அறுபது ஆண்டுகள் அவமானப்பட்டிருக்கிறார் என் அப்புச்சி.

பிறகு யானைகள் வந்தன. உயிருள்ள யானைகளின் மேல் முடி போர்த்தியிருந்தார்கள். இந்த இடத்தில்தான் மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சாம்பிள் தைப்பவன், ஒரு துணி உடம்போடு நடக்கிறதா, உடம்பைவிட்டுத் தனியாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மனிதனுக்கு அளவெடுக்கலாம், 'அசையாமல் நில்லுங்கள்' என்று சொல்லலாம். யானையிடம் யார் சொல்வது? அந்த வெயிலில், அந்தப் பாரத்தோடு, அது உதறி எறியாமல் நடந்து காமிராவைக் கடக்கும்வரை எத்தனை பேர் எத்தனை நாள் பாடுபட்டிருப்பார்கள்? தையல் தெரிகிறது என்பது உண்மை. தையல் தெரிந்ததால்தான் அதைத் தைத்த கைகள் எனக்குத் தெரிந்தன.

இன்னொன்று. மாமூத் இனத்தின் கடைசிக் கூட்டம் வடதுருவப் பகுதியில் உள்ள ராங்கெல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு அழிந்தது. அவை இந்தியக் காட்டில் இருப்பதாகச் சொல்வது கற்பனைதான். ஆனால் அந்தக் கற்பனைக்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. இன்றைக்குத் தடாகத்திலோ சத்தியமங்கலத்திலோ யானை தோட்டத்துக்குள் வந்தால் யானையைத் திட்டுகிறோம், பட்டாசு போடுகிறோம். யானை எதைக் கண்டு ஓடி வருகிறது என்று 1952லேயே ஒரு படம் கேட்டிருக்கிறது. அதுவும் பாதி நம் ஊர்ப் படம். நீங்கள் கேட்டீர்களே, அவற்றில் என்ன இருக்கிறது என்று. எனக்கு இது இருக்கிறது.

இது ஏதோ என் குடும்பப் பாசம் என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே எனக்கு உறவில்லாத ஒரு படத்தையும் சொல்கிறேன். ஜான் கார்பென்டரின் 'தி திங்'. 1982 ஜூன் 25 அன்று வெளியானது, அதே நாளில்தான் 'பிளேடு ரன்னர்' வந்தது. இரண்டு வாரம் முன்பு வந்திருந்த 'இ.டி.' படத்தின் அன்பான வேற்றுக்கிரகவாசியை அமெரிக்கா கொஞ்சிக்கொண்டிருந்தது. இந்தக் குரூரமான படத்தை விமர்சகர்கள் அருவருத்து ஒதுக்கினார்கள். வேலையைத் தொடங்கியபோது இருபத்திரண்டே வயதான ராப் பாட்டின், அதன் உருவங்களைக் கையால் செய்து செய்து, கடைசியில் களைப்பில் மருத்துவமனையில் படுத்தார். இன்று அதே படத்தைத் தலைசிறந்த திகில் படங்களின் வரிசையில் வைக்கிறார்கள். படம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு காட்சியும் மாறவில்லை.

அதைக் கோவை டவுன்ஹால் பக்கம் நடைபாதையில் வாங்கிய சிடியில் பார்த்தேன். அண்டார்டிகாவில் சிக்கிக்கொண்ட பன்னிரண்டு ஆண்கள், அவர்களில் யாருடைய உடம்புக்குள்ளோ வேற்று உயிர். யார் என்று தெரியாது. ஒவ்வொருவருடைய இரத்தத்தையும் தட்டில் வைத்து, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியை அதில் வைப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் பூதமே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கோயில் திண்ணை நினைவுக்கு வந்தது. உண்மை சொல்கிறவனை நிரூபிக்க அங்கே ஒரு கம்பிகூட இல்லையே என்று நினைத்தேன்.

தமிழிலும் உண்டு. 1963இல் வந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். இருக்கிறார், பானுமதி இருக்கிறார், வேறு கிரகத்திலிருந்து வரும் நம்பியார் இருக்கிறார். மனிதன் நிலவில் கால் வைக்க ஆறு ஆண்டுகள் இருந்தபோது, கலை இல்லாத ஒரு கிரகம் நம் ஊர்ப் பாட்டுக்காரியைத் தூக்கிப் போகிறது என்று யோசித்திருக்கிறார்கள். 1989இல் வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்', இறந்தவனை எழுப்பும் மருந்தைப் பற்றியது. காங்கேயம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். அஜய் ரத்னம் எழுந்து வந்தபோது பக்கத்திலிருந்த என் மாமாவே என் தோளைப் பிடித்துக்கொண்டார். சோளக்காட்டு வழியாக வீட்டுக்கு நடந்த அந்த இரவை எந்தப் பெரிய படமும் எனக்குத் தரவில்லை.

சினிமா என்று பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். தென்னிந்தியாவின் தொடக்ககால நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்றைக் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டினார். சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் கோவையில் இருந்தன. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படம் 1956இல் சேலத்திலிருந்து போனது. இவ்வளவும் கொடுத்த கொங்கு மண்ணின் பேச்சைப் படங்களில் யார் வாயில் வைக்கிறார்கள்? ஏமாளி வாயில், சிரிக்க வைப்பவர் வாயில். 'ஏனுங்க' என்று ஒருவர் தொடங்கினாலே அரங்கு சிரிக்கத் தயாராகிவிடுகிறது. விதிவிலக்குகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. சாதிப் பெருமை பேசுகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். இந்தப் பேச்சு இங்கே எல்லாச் சாதிக்கும் தாய்மொழி. துக்க வீட்டிலும் அதில்தான் அழுகிறோம்.

சரி, அப்புச்சியிடம் வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் பிடித்துச் சங்ககிரி போனேன். எழுபத்தாறு வயது, ஒரு கண்ணில் புரை. கட்டிலில் உட்கார வைத்து, என் மகளின் கணினியை மடியில் வைத்துப் படத்தைப் போட்டேன். முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். யானை வந்தபோது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முழுப் படத்தையும் பார்த்து முடித்தார்.

"யானை அதுதான். பேச்சுத்தான் வேறாக இருக்கிறது. அன்றைக்குத் தமிழில் பேசினார்கள்" என்றார்.

"அது ஆங்கிலத்துக்கு எடுத்தது, அப்புச்சி. தமிழ்ப் பிரதி கிடைக்கவில்லை" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கோயில் திண்ணையில் பேசிய அந்தப் பங்காளியின் பெயரைச் சொல்லி, "அவனுக்கு இதைக் காட்ட முடியுமா?" என்று கேட்டார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, அது அப்புச்சிக்கும் தெரியும். சவத்துக்குப் போய் வந்தவர்தான். நான் பதில் சொல்லவில்லை. யானை வரும் இடத்தை மறுபடியும் போடச் சொன்னார், போட்டேன்.

ஆகவே கிண்டல் செய்வதற்காகவே நண்பர்களைக் கூட்டிவைத்து இந்தப் படங்களைப் பார்க்கும் வழக்கத்தில் நான் சேர மாட்டேன். அது அவரவர் விருப்பம், தடுக்க நான் யார். நீங்கள் 'தி திங்' படத்தில் தொடங்குங்கள், இரவில், தனியாக, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு.

அப்புச்சி 2019இல் காலமானார். 'காடு' படத்தின் தமிழ் வடிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் யாருடைய வீட்டுப் பரணிலாவது அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் இருந்தால், இந்தப் பதிலின் கீழே ஒரு வரி எழுதுங்கள். விலைக்குக் கேட்கவில்லை. நேரில் வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.