புளிச்ச கூழும் செத்துப்போன கிருமியும்

கேள்வி: என் பேரனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. டாக்டர் எழுதிக் கொடுத்த புரோபயாட்டிக் (வயிற்றுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி) கேப்ஸ்யூலைப் பிரித்து, அந்தப் பொடியைக் கேழ்வரகுக் கூழில் கலந்து ஒரு ராத்திரி புளிக்க வைக்கிறேன். பிறகு பாட்டிலில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்துப் பத்து நாள் கொடுக்கிறேன். நாளாக நாளாகப் புளிப்பு ஏறுகிறது. அப்படியென்றால் நல்ல கிருமியும் பெருகுகிறது என்றுதானே அர்த்தம்?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: இல்லை ஆச்சி, அங்கேதான் கணக்கு தப்புகிறது. புளிப்பு என்பது அந்தக் கிருமிகள் மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்றுவிட்டு வெளியே தள்ளிய லாக்டிக் அமிலம். முதல் நாள் புளித்தால் அவை பெருகியிருக்கின்றன என்று பொருள். பத்தாம் நாள் பல் கூசுகிற அளவுக்குப் புளித்தால், தாங்கள் தள்ளிய அமிலத்திலேயே அவை செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பாலில் உள்ள புரதம் அமிலத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். கூழிலும் இளநீரிலும் அந்தத் தாங்கல் குறைவு, பிஹெச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே மளமளவென்று இறங்கிவிடும். நல்ல கிருமிகளில் லாக்டோபேசில்லஸ் வகைகள் பல அதையும் சில நாள் சமாளிக்கும். பிஃபிடோபாக்டீரியம் என்கிற இன்னொரு வகை பாவம், அதற்குப் புளிப்பும் ஆகாது, காற்றும் ஆகாது.

அதுவும் கேப்ஸ்யூல் கையில் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? காய்ந்த பொடியாக இருக்கும்வரை அவை தூங்கிக்கொண்டிருக்கும், ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும், அதற்கப்புறம்தான் சாவுக் கணக்கு வேகமெடுக்கிறது. கூழைத் தனியாக வையுங்கள். பேரன் குடிக்கும் நேரத்தில் ஒரு டம்ளர் எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடே தெரியக் கூடாது. அப்போது பொடியைப் போட்டுக் கரண்டியால் கலக்கிக் கொடுங்கள், மிக்ஸியில் அடிக்க வேண்டாம், காற்று ஏறும். ஆவி பறக்கிற கூழில் கொட்டினால் பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். அட்டையில் எத்தனை கோடி என்று போட்டிருப்பதையும் பாருங்கள்; ஒரு நாளைக்குக் குறைந்தது 10 கோடி உயிரோடு உள்ளே போக வேண்டும் என்பதுதான் நம் நாட்டுக் கணக்கு.

புளித்த கூழ்தான் பிடிக்கும் என்று பேரன் அடம்பிடித்தால், லேசாகப் புளிப்பு தட்டியதுமே சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்து வரை ஊற்றி ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள், கதவில் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடாகும். மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆத்தங்குடித் தரைக்கல் ஜில்லென்றுதானே இருக்கிறது என்று ஒரு சித்திரையில் வீட்டுப் பட்டாலை ஓரத்தில் மூடி இறுக்கிய பாட்டிலை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் மத்தியானம் மூடி பறந்து, கூழ் முழுக்கத் தேக்குத் தூணில் வழிந்தது. காட்டு ஈஸ்ட் கிளப்பிய வாயு!

கேள்வி: நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து புரோபயாட்டிக் கலந்து கடையில் விற்கலாம் என்று ஒரு யோசனை. நடக்குமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: எலுமிச்சையைப் பிழிந்ததுமே யோசனை பாதி செத்தது தம்பி. எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2-ஐ ஒட்டியது. கலந்த கையோடு குடித்தால் சரி, பாட்டிலில் அடைத்து வைத்தால் லேபிளில் எழுதிய எண்ணிக்கை பொய்யாகிவிடும். விற்பதாக இருந்தால் தயாரித்த அன்று எத்தனை இருந்தது என்று சொன்னால் போதாது, கடைசித் தேதி அன்றும் அத்தனை உயிரோடு இருப்பதைப் பரிசோதனைக்கூடத்தில் எண்ணிக் காட்ட வேண்டும். பேசில்லஸ் கோயாகுலன்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது, விதை மாதிரி ஓடு போர்த்திக்கொண்டு சூட்டையும் புளிப்பையும் தாங்கும். அதை விசாரித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் ஐஸ் பெட்டியை நம்பிய வியாபாரம், வைகாசியில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: அப்போ எங்க ஆயா குடித்த நீராகாரம் புரோபயாட்டிக் இல்லையா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அதில் உயிருள்ள லாக்டிக் கிருமிகள் உண்டு, ஆனால் எந்த ரகம், எத்தனை என்பது ஒவ்வொரு பானைக்கும் மாறும். அதனால் அந்தப் பெயரை ஒட்ட முடியாது. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள், சுட மட்டும் வைக்காதீர்கள்.