ஆகனில் மூன்று வாரம்: தம்பிக்கு ஒரு பதில்

சென்னையிலிருந்து ஒரு செமஸ்டருக்குப் பரிமாற்ற மாணவராக ஜெர்மனியின் ஆகன் நகருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் நண்பர் என்று ஒருவர்கூட அமையவில்லை, பேசாமல் நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே ஊருக்கு இதேபோல ஒரு குளிர்கால செமஸ்டருக்கு வந்தவள்தான். அப்புறம் முதுகலைக்குத் திரும்பி வந்து, வேலை கிடைத்து, பதினான்கு வருடம் ஆகிவிட்டது. நகராட்சிப் பதிவு, வங்கி, காப்பீடு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறீர்கள். சரி, அதை விட்டுவிடுவோம்.

முதலில் ஒன்று. உங்களை யாரும் ஒதுக்கவில்லை, தம்பி. உங்கள் வகுப்பில் இருக்கும் பலருக்குச் சின்ன வயதுப் பள்ளி நண்பர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியமே பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். புதிதாக ஒருவரைத் தேட வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் உங்களுக்குப் புறக்கணிப்பு மாதிரி தெரிகிறது.

எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் போனது. வரவேற்பு நிகழ்ச்சி ஒன்றைக்கூட விடவில்லை. போன் நிறைய எண்கள் சேர்ந்தன, யாரும் கூப்பிடவில்லை. பள்ளியில் கைப்பந்து ஆடியவள் என்பதால் பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில், ஹோக்ஷூல்ஷ்போர்ட் என்பார்களே, அதில் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக் குழுவில் பெயர் கொடுத்தேன். மூன்று செவ்வாய் ஹலோவுக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான்காவது வாரம் காய்ச்சல், போகவில்லை. ஐந்தாவது வாரம் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் நேராக வந்து, "போன வாரம் உன்னைக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆட்டம் முடிந்து எல்லோரும் பொன்ட் தெருவுக்குச் சாப்பிடப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

இங்கே நட்பு பேச்சில் தொடங்குவதில்லை. ஒரே ஆட்கள், ஒரே கிழமை, ஒரே நேரம், சேர்ந்து செய்ய ஒரு வேலை: அதில்தான் தொடங்குகிறது. பாட்டுக் குழுவோ, மலையேற்றமோ, உங்கள் துறை மாணவர் மன்றமோ, எதுவானாலும் சரி. பத்து இடத்துக்கு ஒருமுறை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்து முறை போங்கள். விளையாட்டுப் பிரிவில் பிரபலமான வகுப்புகள் பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும். ஆனால் நவம்பரில் சிலர் வராமல் நின்றுவிடுவார்கள். பயிற்சியாளரிடம் நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லித் தராதது. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதிலிருந்து நம் ஊர் நேரத்துக்கும் இங்கேக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். இங்கே மாலை ஆறு என்றால் வீட்டில் இரவு பத்தரை. அம்மா தூங்காமல் காத்திருப்பார்கள், நீங்களும் ஐந்தரைக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுப்பீர்கள். அந்த நேரத்தில்தான் விடுதிச் சமையலறைக்கு ஆட்கள் வருவார்கள். வீட்டுப் பேச்சைக் காலை எட்டு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே மதியம் பன்னிரண்டரை, அம்மாவும் நிம்மதியாகப் பேசுவார்கள்.

அந்தச் சமையலறைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் துப்புரவு முறைப் பட்டியலில் உங்கள் வாரம் வந்தால் யாரும் நினைவூட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதில் தவறினால் வாய்விட்டுத் திட்ட மாட்டார்கள், மனதுக்குள் விலகிவிடுவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் பட்ட வருத்தம் ஒன்று உண்டு. பக்கத்து அறைப் பையன் ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தான். "சாப்பிடுகிறாயா?" என்று கேட்டான். நம் வழக்கப்படி "இல்லை, பரவாயில்லை" என்றேன். இன்னொரு முறை கேட்பான் என்றுதான் நின்றேன். அவன் "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். பசியோடு அறைக்குப் போய் அழுதேன். அவன் என்னை மதித்துத்தான் அப்படிச் செய்தான் என்று புரிய மாதக்கணக்கானது. ஒருவர் வேண்டாம் என்றால் அதை நம்புவதுதான் இவர்களுக்கு மரியாதை. அதே பையன் "போதும்" என்ற பிறகும் நான் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டபோது அவன் முகம் மாறியதற்கும் இதுதான் காரணம். ஆகவே வேண்டும் என்றால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அழைப்பதும் அப்படித்தான். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்றால் அது காற்றோடு போய்விடும். "அடுத்த வாரம் வியாழன் ஏழு மணிக்கு சாம்பார் வைக்கிறேன், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். நாட்குறிப்பை எடுத்துப் பார்ப்பார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிறேன் என்று எழுதிக்கொண்டால் மழை கொட்டினாலும் ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தை மட்டும் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள், அதை இங்கே அபசகுனமாக நினைப்பவர்கள் நிறைய. உங்கள் பிறந்தநாள் என்றால் கேக் கொண்டுவர வேண்டியது நீங்கள்தான்.

மொழி? ஆங்கிலம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும்போது பேச்சு ஜெர்மனுக்கு நழுவிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. மொழி மையத்தில் தொடக்கநிலை வகுப்பில் சேருங்கள், தப்பும் தவறுமாகப் பேசுங்கள். அந்த முயற்சியைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தபோது எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தது மதுரைக்காரப் பெண்தான். ஆனால் ஏழு நாளும் அங்கேயே கழிந்தால் மற்றவர்களுக்கு உங்களிடம் வர வழியே இருக்காது. ஒரு மாலையையாவது வெளியே வையுங்கள்.

டிசம்பரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மாலை நாலரைக்கே இருட்டிவிடும். 24ஆம் தேதி மதியத்துக்கு மேல் கடைகள் மூடினால் 25, 26 இரண்டு நாளும் திறக்காது. விடுதி காலியாகிவிடும். அந்த மூன்று நாளைக்கும் சாமான் வாங்கி வைத்துவிட்டு, விடுதியில் தங்கும் மற்ற வெளிநாட்டு மாணவர்களை இப்போதே பேசி வையுங்கள். ஒரு நாள் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் குன்றுக்கு நடந்து போய் வரலாம். மனம் ரொம்பவும் கனத்துப்போனால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசனைக்குப் போகத் தயங்க வேண்டாம். நானும் போயிருக்கிறேன்.

பொங்கல் சமயத்தில் நாங்கள் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போவோம். ஈழத்துக் குடும்பங்களின் உழைப்பில் எழுந்து 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோவில், தென்னிந்திய பாணிக் கோபுரத்தோடு. காரில் ஓர் இடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். உங்கள் விடுதி நண்பர் யாராவது வர ஆசைப்பட்டால் அவரையும் கூட்டி வாருங்கள், நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.